ஒரகடத்து ஏரிகளில் வலசைக் காலம்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து வல்லம், ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலை நோக்கிப் போகும் மாநில நெடுஞ்சாலையின் இருபுறமும் இன்று தொழிற்சாலைகள்தான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அடுத்தடுத்து டெய்ம்லர் லாரிகளும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் அங்கே தயாராகத் தொடங்கின. ஆனால் சிப்காட் தொழிற்பூங்காக்களின் சுற்றுச்சுவர் முடிகிற இடத்தில் பல சமயம் ஓர் ஏரிக்கரை தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி, கிழக்கே மணிமங்கலம், மேற்கே தென்னேரி, வடகிழக்கில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செம்பரம்பாக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத்துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் இருக்கின்றன. ஊராட்சிகளின் கையில் உள்ள சிற்றேரிகளும் குட்டைகளும் இந்தக் கணக்கில் சேராதவை. ஆகஸ்ட் முதல் ஏப்ரல் வரை மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இமயத்துக்கு அப்பாலிருந்தும் பறவைகள் இந்த நீர்ப்பரப்புகளுக்கு வந்து தங்கிப் போகின்றன. அவற்றைப் பார்க்கவும் எண்ணவும் விடுமுறை நாள் காலைகளில் பைனாகுலரோடு சிறு குழுக்கள் கரையேறுகின்றன.

இந்த ஏரிகள் எவையும் இயற்கையாக அமைந்தவை அல்ல. சரிவான நிலத்தில் ஓடிவரும் மழைநீரை மண்கரை போட்டு மறித்தவை. கரையில் பாசனத்துக்கு மதகு, உபரிநீர் வழிய ஒரு கலிங்கு, வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போக ஒரு கால்வாய் என்பது பொதுவான அமைப்பு. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி இப்படித்தான் செம்பரம்பாக்கத்துக்குப் போய்ச் சேருகிறது. அங்கே நிரம்பினால் அடையாற்றில் இறங்கிக் கடலுக்குப் போகிறது. பல ஏரிகளின் வயது ஊர்களின் வயதோடு ஒத்துப்போகும். மணிமங்கலம் ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்று. இன்று தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியே வரும் பறவை ஆர்வலர்களுக்கு அந்த ஊர் முதல் நிறுத்தம்.

பறவைகளைப் பொறுத்தவரை இந்த அமைப்பில் முக்கியமானது ஒன்று உண்டு. கரையருகே மட்டுமே ஆழம். எதிர்ப்புறம் நீர்ப்பிடிப்பு நிலத்தை நோக்கிப் போகப்போக நீர் முழங்காலளவாகி, கணுக்காலளவாகி, வெறும் சேறாகி, பிறகு புல்தரையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இந்தச் சரிவால்தான் ஒரே ஏரியில் ஐம்பது அறுபது வகைப் பறவைகள் சேர்ந்து இரைதேட முடிகிறது.

வலசை வரும் பறவைகள் குளிருக்கு அஞ்சி ஓடிவருவதாகச் சொல்வது பாதி உண்மை. வாத்தின் இறகுப் போர்வை கடுங்குளிரையும் தாங்கும். வடக்கே செப்டம்பர், அக்டோபரில் நீர் உறைந்து சேறு கல்லாகிவிட்டால் இரையை எடுக்க வழியில்லாமல் போகிறது. கோடையில் அதே வடபுலத்தில் நீண்ட பகல், கணக்கற்ற பூச்சிகள், குஞ்சு வளர்க்க ஏராளமான இடம். ஆகவே இனப்பெருக்கத்துக்கு அங்கே, மீதி மாதங்களைக் கழிக்க இங்கே. இந்தியாவுக்கு வரும் நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவை மத்திய ஆசியப் பறவைப் பாதையில் பயணிப்பவை. ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை சுமார் 30 நாடுகளைத் தொடும் பாதை அது. பறவைகளின் காலில் வளையமிட்டு, பிறகு வேறு நாட்டில் அவை அகப்படும்போது இடத்தைக் குறித்து இந்தப் பாதைகள் கண்டறியப்பட்டன. டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் 1899இல் முறையாகத் தொடங்கிவைத்த வேலை இது. தமிழ்நாட்டில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகிறது. இன்று முதுகில் செயற்கைக்கோள் கருவியைச் சுமந்தும் பறவைகள் பறக்கின்றன. கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இனத்தில் ஒரு பறவை இமயமலைப் பகுதியைக் கடக்கையில் 7,290 மீட்டர் உயரத்தை எட்டியது அப்படித்தான் பதிவானது. 2022இல் மூக்கன் இனத்தைச் சேர்ந்த ஓர் இளம்பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. ஒரகடத்துச் சேற்றில் நிற்கும் உள்ளான் அவ்வளவு தூரம் வந்ததில்லை. ஆனால் ஒரு கைப்பிடிகூட நிறையாத அதன் உடம்புக்கு அது வந்த தூரமும் குறைந்ததல்ல.

எல்லாப் பறவைகளும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, ஏரிகள் வற்றிக் கிடக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்குகின்றன. மின்கம்பிகளில் தகைவிலான்களும், புல்வெளியில் மஞ்சள் வாலாட்டிகளும், முள்வேலியில் பழுப்புக் கீச்சானும் செப்டம்பரில் தென்படும். வாத்துகளில் நீலச்சிறகி முன்னோடி. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பெரும்பாலும் நவம்பரில்தான் கூட்டமாகச் சேரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை ஏரியை நிரப்பும். ஜனவரி, பிப்ரவரியில் நீர் இறங்கத் தொடங்கும். அந்த இரண்டு மாதங்கள்தான் குழுப் பயணங்களுக்கு உகந்த காலம் என்பது இப்பகுதியில் பறவை பார்ப்போரின் பொதுவான அனுபவம். வானம் தெளிவு, வெயில் இதம். அதைவிட முக்கியமாக, நீர்மட்டம் சரியான அளவுக்கு வந்திருக்கும்.

நீர்மட்டத்தைப் புரிந்துகொண்டவருக்கு ஏரியில் எங்கே எந்தப் பறவை நிற்கும் என்பது பாதி தெரிந்துவிடும். ஈரமண் காயத் தொடங்கும் விளிம்பில் பட்டாணி உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். அலகு குட்டை, கண் பெரிது. பார்வையால் இரை பிடிக்கும் பறவை அது. அதற்குச் சற்று முன்னால், தண்ணீர் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் மூடிய சேற்றில் கொசு உள்ளான்கள் தலை நிமிராமல் குத்திக்கொண்டே நகரும். உள்ளான் இனங்கள் பலவற்றின் அலகு நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதால் சேற்றுக்குள் இருக்கும் புழுவைப் பார்க்காமலே தொட்டுணர முடியும். கணுக்காலளவு நீரில் பொறி உள்ளானும் பச்சைக்காலியும். பச்சைக்காலி சில சமயம் குஞ்சு மீன்களைத் துரத்திக்கொண்டு நீரிலேயே ஓடும். அரை அடி ஆழம் வந்துவிட்டால் அங்கே நிற்கக் கால் வேண்டும். நெடுங்கால் உள்ளானுக்கு அது இருக்கிறது. கருவால் மூக்கனுக்குக் காலோடு நீண்ட அலகும் இருக்கிறது. உலக அளவில் குறைந்துவரும் கருவால் மூக்கன் கூட்டமாக நிற்பதைக் கண்டால் குழுவினர் மற்றவற்றை மறந்துவிடுவதுண்டு.

அதற்கும் அப்பால் வாத்துகளின் இடம். வலசை வாத்துகளில் பெரும்பாலானவை மூழ்கி இரைதேடுபவை அல்ல. தலையை நீருக்குள் விட்டு வாலை வானத்துக்குக் காட்டி, கழுத்து எட்டும் ஆழம் வரை மேய்பவை. ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம் என்பதால் நீலச்சிறகிக்கு எட்டாத ஆழம் அதற்கு எட்டும். தட்டைவாயனுக்கு அந்தச் சிரமமே இல்லை. அகன்ற அலகை நீர்ப்பரப்பில் வைத்துக்கொண்டு நீந்தும், அலகோரத்துச் சீப்பு போன்ற இழைகள் நுண்ணுயிர்களை வடிகட்டிக் கொடுக்கும். கரையோரத்து ஆழமான நீரில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முக்குளிப்பானும் கூழைக்கடாவும். நீருக்கு மேலே மீசை ஆலாக்கள் வட்டமிட்டு மீனைக் கவ்விப் போகும். சம்புப் புதரில் நீலத்தாழைக்கோழி, மிதக்கும் இலைகள் மேல் இலைக்கோழி, திறந்த நீரில் கறுப்புத் திட்டுகளாக நாமக்கோழிகள். இவற்றில் கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் கடல் கடந்து வந்தவை அல்ல. ஒரகடத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் வேடந்தாங்கலிலும் அது போன்ற ஏரிகளிலும் கூடு கட்டுகிற உள்நாட்டுப் பறவைகள்.

வேடந்தாங்கலின் கதை பலருக்கும் தெரிந்தது. சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்புக் கவுல் (உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களான ராம்சர் தலங்களாயின. சரணாலயத்துக்குப் போனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான கூடுகளைப் பார்க்கலாம் என்பதால் கூட்டமெல்லாம் அங்கேதான். ஆனால் வலசை வரும் உள்ளான்களுக்கும் வாத்துகளுக்கும் கூடு கட்ட மரம் தேவையில்லை, இரைதேடத் தாழ்ந்த நீர் தேவை. அதைத் தருபவை பெயர்ப்பலகையோ நுழைவுச்சீட்டோ இல்லாத இந்தச் சாதாரணப் பாசன ஏரிகள்தான். ஒரு தொழிற்பேட்டையின் நடுவில் பறவை பார்க்கப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது வெளிச்சம். தொண்டை மண்டலத்து நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சாய்வதால், பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். ஒவ்வொரு இறகின் நிறமும் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் பறவைகள் எல்லாம் கறுப்பு நிழலுருக்கள். ஏரி கட்டியவர்கள் பறவை பார்ப்பவர்களை நினைத்துக் கட்டவில்லை என்றாலும் வசதி என்னவோ நன்றாகத்தான் அமைந்திருக்கிறது. காலை 6 மணிக்குக் கரையில் இருந்தால் 9 மணிக்குள் இரண்டு ஏரிகளை நிதானமாகப் பார்த்துவிடலாம். 10 மணிக்கு மேல் வெயிலில் காற்று அலையடித்து ஸ்கோப்பில் தெரியும் உருவம் நெளியத் தொடங்கிவிடும். ஜனவரியில் சில நாள் 8 மணி வரை பனி மூடியிருப்பதும் உண்டு. அப்போது டீக்கடையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வரும் சாலை என்பதால் வாகனங்களைச் சாலையோரம் நிறுத்தாமல் கரையடியில் நிறுத்துவது நல்லது.

ஒரு காலையில் எல்லா ஏரிகளையும் தொட்டுவிட நினைப்பது புதிய குழுக்கள் செய்யும் தவறு. ஒரு பெரிய ஏரி, ஒரு சிறிய ஏரி என்று வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. தாம்பரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் மணிமங்கலத்தில் தொடங்கி ஒரகடத்தில் முடிக்கலாம். பூந்தமல்லி பக்கத்தவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரும் பிள்ளைப்பாக்கமும் வசதி. தென்னேரி பெரிய ஏரி, அதற்கென்று ஒரு முழுக் காலை ஒதுக்க வேண்டும். செம்பரம்பாக்கம் 24 அடி முழு ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட சென்னைக் குடிநீர் ஏரி. நீர் நிறைந்த மாதங்களில் அதன் கரையிலிருந்து பார்த்தால் தொலைவில் புள்ளிகள்தான் தெரியும். அங்கே உள்ளான்களைத் தேடுபவர்கள் நீர் வடிந்த பிறகு மேற்கு ஓரங்களுக்குப் போக வேண்டும். மதகுப் பகுதிகளில் நடமாடத் தடை இருக்கும் இடங்களில் அதை மதிப்பதே முறை. மழைக்காலத்தில் கரைமேல் போகவே வேண்டாம்.

பத்து, பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் அது பறவை பார்ப்பதாக இருக்காது. குழுவுக்கு 8 மடங்கு அல்லது 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர்கள் சிலவும், முக்காலியில் பொருத்திய ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் இருந்தால் போதும். உள்ளான்கள் கரையிலிருந்து முந்நூறு, நானூறு மீட்டர் தள்ளி நிற்கும் என்பதால் ஸ்கோப் இல்லாத குழு அவற்றை எண்ணலாமே தவிர இனம் பிரிப்பது கடினம். ஒருவர் ஸ்கோப்பில் பார்த்து எண்ணைச் சொல்ல, இன்னொருவர் எழுத, மற்றவர்கள் தங்கள் பங்குக்கு வானத்தையும் புதரையும் கவனிப்பது பழகிய குழுக்களின் முறை. எழுதுபவர் எண்ணுபவரைவிட முக்கியமானவர் என்பது இரண்டு மூன்று பயணங்களுக்குப் பிறகுதான் புரியும்.

எண்ணுவதற்கென்று ஒரு வழிமுறை இருக்கிறது. கூட்டத்தின் ஒரு முனையில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். அதே அளவு இடங்களாகக் கூட்டத்தைக் கூறுபோட்டுக்கொண்டே போக வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஐம்பது அல்லது நூறு பறவைகள் ஒரு கூறு. எப்போதும் ஒரே திசையில், இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ போக வேண்டும், திரும்பிப் பார்த்தால் இரட்டிப்பாகிவிடும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டால் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும். புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே எண்ணுவார்கள். பாதி எண்ணி முடித்திருக்கும்போது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று சம்புக்கு மேலே தாழப் பறந்து வரும். ஏரியிலிருக்கும் வாத்துகள் அத்தனையும் எழும்பிச் சுழன்று வேறெங்கோ இறங்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இனம் பிரிப்பதில் பருவத்தின் தொடக்கம் மிகக் கடினம். கையேட்டில் ஆண் வாத்துகளின் படம் பளிச்சென்று இருக்கும். அக்டோபரில் வந்திறங்கும் ஆண் வாத்துகளோ பெட்டையைப் போலவே பழுப்பு நிறத்தில் இருக்கும். இனப்பெருக்கம் முடிந்ததும் அவை வண்ண இறகுகளை உதிர்த்து மங்கலான இறகுகளுக்கு மாறுகின்றன. அப்போது சிறகின் பெரிய இறகுகளும் ஒரே நேரத்தில் உதிர்வதால் சில வாரங்கள் பறக்கவே முடியாது. பறக்க முடியாத நாட்களில் பளிச்சென்று தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. குளிர்காலத்தின் நடுவில் மறுபடி வண்ணம் ஏறும். ஆகவே ஜனவரி இறுதியில் ஆண் நீலச்சிறகியின் வெண்புருவமும் ஊசிவால் வாத்தின் நீண்ட வாலிறகும் முழுதாகத் தெரியும்போது, நவம்பரில் சந்தேகம் என்று எழுதிவைத்த பறவைகள் எவை என்று புரியும். உள்ளான்களில் இது நேர்மாறாக நடக்கிறது. குளிர்காலம் முழுவதும் சாம்பலும் பழுப்புமாக இருந்துவிட்டு ஊர் திரும்பும் மார்ச், ஏப்ரலில்தான் சிலவற்றுக்குச் செம்பு நிறம் படரும். நிறத்தை நம்பாமல் உடல் அளவு, அலகின் நீளம், கால் நிறம், நடை ஆகியவற்றைப் பார்த்துப் பழகியவருக்கு இரண்டு பருவமும் ஒன்றுதான். சந்தேகம் தீராத பறவையை ‘உள்ளான் இனம்’ என்று மட்டும் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு லைஃபர் (வாழ்நாளில் முதன்முறை பார்க்கும் இனம்) கிடைத்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஊகித்து எழுதிய பெயர்தான் பிற்பாடு தொல்லை தரும்.

பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தால் குழு என்பது ஓர் இடையூறு. அது மேய்வதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்த்திப் பார்த்தால் போதும், குழு நெருங்கிவிட்டது என்று பொருள். படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைக் கலைப்பதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் நல்ல குழுக்களில் அனுமதிக்கப்படுவதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் பறவைகள் திரும்பும் பயணத்துக்காகக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும். சில இனங்கள் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டுதான் புறப்படும். அந்த நாட்களில் தேவையின்றி எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில் செலவு. செத்துக் கிடக்கும் பறவைகளைக் கையால் தொடக்கூடாது, வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்ல வேண்டும். 2019இல் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் பாட்டுலிசம் என்ற நச்சு நோயால் இறந்தபோது, இறந்த உடல்களை விரைவாக அகற்றுவது எவ்வளவு அவசியம் என்பது தெரியவந்தது.

மனிதர்களுக்கான ஆபத்து வேறு மாதிரி. ஏரிப்படுகை பார்க்கச் சமதளமாக இருக்கும், ஆனால் சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் கிடக்கும். கணுக்காலளவு நீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்தில் விழுந்த சம்பவங்கள் இம்மாவட்டத்தில் ஆண்டுதோறும் நடப்பவை. உள்ளூர்க்காரர் வழிகாட்டாமல் படுகையில் இறங்கக்கூடாது. மாடு மேய்ப்பவர், மீன் குத்தகைக்காரர், மதகைத் திறந்து மூடும் கம்புகட்டி ஆகியோரிடம் முதலில் பேசிவிடுவது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, பறவைக்கும் நல்லது. நேற்று மாலை எந்த மூலையில் வாத்து இறங்கியது, யார் வலை விரித்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பறவைக்கு வலை வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணி கண்ணில் பட்டால் தகராறு செய்யாமல் வனத்துறைக்குத் தகவல் தருவதே சரி.

திரும்பியதும் பட்டியல் எங்கே போகிறது என்பது முக்கியம். சென்னை இயற்கை ஆர்வலர் சங்கம் 1978இல் தொடங்கிய காலத்தில் பயணக் குறிப்புகள் நோட்டுப் புத்தகங்களிலும் சங்க இதழிலும் தங்கின. இன்று பெரும்பாலோர் ஈபேர்டு செயலியில் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் 2002இல் தொடங்கிய பொதுத் தகவல் தளம் அது. அதில் மதிப்புள்ள பட்டியல் என்பது அரிய பறவையின் பட்டியல் அல்ல. பார்த்த எல்லா இனங்களையும், காகத்தையும் மைனாவையும் விடாமல், எண்ணிக்கையோடும் நேரத்தோடும் தரும் முழுப் பட்டியல்தான். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து தொடர்கிறது. பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் பறவை பார்க்க முடிந்த எவரும் கலந்துகொள்ளலாம். வனத்துறையும் சில ஆண்டுகளாக மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறது.

இப்படிச் சேர்ந்த தகவல்களை வைத்துத்தான் 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்குப் பயன்பட்டவை 30,000க்கும் மேற்பட்ட பறவை பார்ப்போர் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகள். உடனடிக் கவனம் தேவை என்று அது அடையாளம் காட்டியவை 178 இனங்கள். நெடுந்தொலைவு வலசை வரும் பறவைகள், குறிப்பாகக் கரையோர உள்ளான் வகைகளும் வாத்துகளும், உள்ளூர்ப் பறவைகளைவிட வேகமாகக் குறைவதாக அதில் தெரிந்தது. ஒரே கரையிலிருந்து, ஒரே மாதத்தில், ஆண்டுக்காண்டு எடுக்கப்படும் பட்டியல் இல்லாமல் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. ஆகவே புதிய இடம் தேடி அலையும் குழுவைவிட ஓர் ஏரியைத் தனதாக்கிக்கொண்ட குழுவின் உழைப்பு அதிகம் பயன்படுகிறது.

ஒரகடம் வட்டாரத்தில் அப்படித் தொடர்ந்து பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை பல. ஏரிகளின் கீழ் இருந்த ஆயக்கட்டு நிலம் குறைந்துவருகிறது. முன்பு நவரைப் பட்டத்துக்கு மதகைத் திறந்ததும் ஜனவரி முதல் நீர் மெல்ல இறங்கி, உள்ளான்கள் கொழுக்க வேண்டிய நேரத்துக்குச் சரியாகச் சேறு வெளிப்படும். பாசனத்துக்கு எடுப்பார் இல்லையென்றால் நீர் நிற்கும், வெயில்தான் அதை மெதுவாகக் குறைக்கும். கொள்ளளவைக் கூட்டுவதற்காகப் படுகையைத் தோண்டி ஓரங்களைச் செங்குத்தாக்குவது குடிநீர்க் கணக்கில் லாபம். பறவைக் கணக்கில் அது நீர்க்காகத்துக்கு வரவு, கொசு உள்ளானுக்கு முழு நட்டம். தூர்வாரும்போது மேற்கு ஓரத்து மெல்லிய சரிவை மட்டும் விட்டுவைத்தால் கொள்ளளவில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது, ஏனெனில் அந்த ஓரம் பிடித்துவைக்கும் நீர் சொற்பம். கழிவுநீர் சேரும் ஏரிகளில் இன்னொரு வகை மயக்கம் உண்டு. அழுக்கு நீரில் பெருகும் புழுக்களைத் தின்ன நெடுங்கால் உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் கூடும். பார்க்க அழகாக இருக்கும், ஏரி நலமாக இருக்கிறது என்று தோன்றும். எத்தனை பறவை என்பதோடு எத்தனை வகை என்றும் எழுதினால்தான் அந்த மயக்கம் தெளியும். ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் தாழைக்கோழி தங்கும், திறந்த நீர் தேடும் வாத்து வராது. மேற்கே பரந்தூரில் 2022இல் அறிவிக்கப்பட்ட சென்னையின் இரண்டாவது விமான நிலையத்தின் எல்லைக்குள்ளும் ஏரிகளும் குளங்களும் அடங்குகின்றன. அங்கே முன்பு எவை வந்தன என்ற கேள்விக்கு விடையாக இருக்கப்போவது இதுவரை எழுதிவைத்த பட்டியல்கள் மட்டுமே.

மார்ச் பிற்பகுதியில் வாத்துகள் முதலில் கிளம்பும். நீலச்சிறகிகளில் சில மட்டும் ஏப்ரல் வரை தாமதிக்கும். உள்ளான்கள் ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலும் போய்விடும். ஆனால் முதல் ஆண்டுப் பறவைகளில் சில, இனப்பெருக்க வயது வராததால், கோடை முழுவதும் இங்கேயே தங்கிவிடும். மே, ஜூனில் ஏரிக்கரைக்கு வரும் குழுக்கள் மிகக் குறைவு என்பதால் அவற்றைப் பற்றிய பதிவுகளும் குறைவு. ஆகஸ்டில் முதல் பொறி உள்ளான் வந்தது என்று எழுதும்போது அது புதிதாக வந்ததா, போகாமலே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல, வெயிலில் எடுத்த அந்தச் சின்னப் பட்டியல்கள் தேவைப்படும்.